நோயிலும் தளரா நெஞ்சம்

சேலம் நகரின் மேற்கே நீண்டு கிடக்கிறது கஞ்சமலை. அதன் வயிற்றில் இரும்புக்கனி உறைந்திருப்பதை அவ்வட்டாரத்து மக்கள் வழிவழியாக அறிவர். ஆங்கிலேயர் ஆட்சியிலேயே ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவி, 1830ஆம் ஆண்டளவில் சேலத்துக் கனியை உருக்கிப் பார்த்தார். அம்முயற்சி நீடிக்கவில்லை. விடுதலைக்குப் பின்னர் நாட்டின் பிற பகுதிகளில் பெரும் எஃகு ஆலைகள் எழுந்தன. கஞ்சமலை மட்டும் காத்துக்கிடந்தது. கனி உண்டு, நிலக்கரி இல்லை என்றனர் சிலர். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு உருக்கலாம் என்றனர் வேறு சிலர். அறிக்கைகள் வந்தன, ஆலை வரவில்லை.

1967ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 23ஆம் நாள், சேலத்திற்கு எஃகு ஆலையும் தென்கடலுக்குச் சேது கால்வாயும் வேண்டும் என்று தமிழகமெங்கும் எழுச்சி நாள் கொண்டாடப்பட்டது. அதற்கு அழைப்பு விடுத்தவர், ஆட்சிப் பொறுப்பேற்று ஐந்து திங்களும் நிறையாத முதலமைச்சர், அறிஞர் அண்ணா. ஓர் அரசே வீதிக்கு வந்து, பகைமையின்றி, மக்களோடு நின்று நடுவண் அரசிடம் கேட்கும் புதுமையை அன்று நாடு கண்டது. அப்போது அவருக்கு அகவை 57. இன்னும் நெடுநாள் உழைக்கவிருப்பவர் என்றே அனைவரும் எண்ணினர். ஆனால் அவருக்கு எஞ்சியிருந்தவை பதினெட்டுத் திங்களே. அவற்றுள்ளும் இறுதி ஐந்து திங்கள்கள் மருத்துவமனையிலும் அதன் நிழலிலும் கழிந்தன. அந்த ஐந்து திங்கள்களை அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதே இப்பாடத்தின் பொருள்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளை

காஞ்சிபுரத்தில் 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் நடராசன், பங்காரு அம்மாள் இணையர்க்கு மகனாகப் பிறந்தார் அண்ணாதுரை. எளிய நெசவாளர் குடும்பம். வளர்த்தவர் சிற்றன்னை இராசாமணி அம்மாள். அவரைத் 'தொத்தா' என்று அண்ணா அழைப்பார். வறுமையின் பொருட்டுப் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தி, நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகச் சிலகாலம் பணிபுரிந்ததும் உண்டு. மீண்டும் படித்துச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே 1930இல் இராணி அம்மையாரை மணந்தார். கன்னிமாரா நூலகத்தில் அவர் படித்த நூல்களுக்குக் கணக்கில்லை. படிப்பு அவருக்குப் பொழுதுபோக்கன்று, மூச்சு. இதனை இங்கே அழுத்திச் சொல்லக் காரணமுண்டு. பின்னாளில் நோய்ப்படுக்கையில் அவருக்குத் துணைநின்றவற்றுள் தலையாயது அந்தப் பழக்கமே.

1934இல் திருப்பூரில் தந்தை பெரியாரைச் சந்தித்தபின் அவர் வாழ்க்கை பொதுவாழ்க்கையாயிற்று. ஈரோட்டில் 'குடியரசு', 'விடுதலை' இதழ்களில் பணி. 1942 முதல் 'திராவிட நாடு' இதழின் ஆசிரியர் பொறுப்பு. நாடகம், சிறுகதை, திரைப்படம், மேடை என எழுத்தும் பேச்சும் அவரிடம் போட்டியிட்டு வளர்ந்தன.

இன்றைய நாமக்கல்லும் அன்று சேலம் மாவட்டத்திற்குள் அடங்கியிருந்தது. அம்மாவட்டம் அண்ணாவின் வாழ்வில் இருமுறை திருப்புமுனையாக அமைந்தது. 1943இல் கம்பராமாயணம் குறித்து நாவலர் சோமசுந்தர பாரதியாரோடு அவர் சொற்போர் நிகழ்த்தியது சேலத்தில்தான். கருத்தில் இருவரும் இரு துருவங்கள். ஆயினும் தம்மினும் மூத்த புலவரை அவையில் மதித்தே அண்ணா பேசினார். அந்தச் சொற்போரின் முடிவைப் பற்றி இன்றும் இருவேறு கருத்துகள் உண்டு. அதன் பண்பைப் பற்றி அவ்வாறில்லை. மறு ஆண்டு, 1944 ஆகஸ்டு 27ஆம் நாள், நீதிக்கட்சியின் மாநாடு சேலத்தில் கூடியது. சர், ராவ் பகதூர் முதலிய பட்டங்களைத் துறக்க வேண்டும், பெயருக்குப் பின் சாதி ஒட்டு வேண்டா, கட்சியின் பெயர் இனித் திராவிடர் கழகம் எனும் தீர்மானங்கள் அங்கு நிறைவேறின. 'அண்ணாதுரை தீர்மானம்' என்றே வரலாறு அதனைக் குறிக்கிறது. செல்வர் சிலரின் அவையாக இருந்த ஓர் இயக்கம் எளியோரின் கைக்கு வந்த நாள் அது. தீர்மானத்தை முன்மொழிந்தவர்க்கு வயது 35கூட நிறையவில்லை.

1949 செப்டம்பர் 17இல் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியது. 1953இல் கைத்தறித் துணிகள் விற்பனையின்றித் தேங்கி, நெசவாளர் பட்டினியில் வாடியபோது, அண்ணாவும் அவர்தம் தோழர்களும் துணி மூட்டைகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். அண்ணா திருச்சியில் விற்றார். சேலம், இளம்பிள்ளை, இராசிபுரம், திருச்செங்கோடு எனத் தறியோசையிலேயே பொழுது விடியும் ஊர்கள் நிறைந்த இந்த நிலப்பகுதிக்கு அந்நிகழ்ச்சி அயலார் செய்தியன்று.

1957இல் சட்டமன்றம், 1962இல் மாநிலங்களவை, 1967 மார்ச்சு 6இல் முதலமைச்சர் பொறுப்பு. சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு, இருமொழிக் கொள்கை, 1968 சனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு என அடுத்தடுத்துச் செயல்கள் நிகழ்ந்தன. 1967 சூலை 18ஆம் நாள், மாநிலத்திற்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் சூட்டும் தீர்மானத்தைச் சட்டமன்றம் ஒருமனதாக ஏற்றது. அப்பெயர் வேண்டி 1956இல் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சங்கரலிங்கனாரை அண்ணா நேரில் கண்டவர். தீர்மானம் நிறைவேறியபின் அது சட்டமாக நாடாளுமன்றத்தின் இசைவு வேண்டும். அந்த இசைவுக்கான காத்திருப்பும் அண்ணாவின் நோயும் ஒரே காலத்தில் வளர்ந்தன.

உணவு இறங்கவில்லை

1968 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் தனது சப் ஆய்வாளர் சிறப்பை அளித்து அவரை அழைத்தது. மாணவர்களோடு உரையாடினார், உலகின் பல நகரங்களைக் கண்டார். அப்பயணத்தில் உரோம் நகரில் போப்பாண்டவரைச் சந்தித்தபோது தமக்கென எதையும் கேளாமல், கோவா விடுதலைக்குப் போராடிப் போர்ச்சுக்கல் சிறையில் வாடிய மோகன் ரானடேயின் விடுதலைக்கு உதவுமாறு வேண்டினார். அந்த வேண்டுகோளின் பயனைப் பின்னர்க் காண்போம்.

ஊர் திரும்பிய சில திங்களில் தொல்லை தொடங்கியது. உண்ட உணவு தொண்டைக்குக் கீழே தடைப்பட்டது. உடல் மெலிந்தது. ஆய்வுகள் உணவுக்குழாயில் புற்றுநோய் என்று காட்டின.

உணவுக்குழாய் என்பது தொண்டையிலிருந்து இரைப்பை வரை செல்லும், ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். விரிந்து கொடுக்கும் இயல்புடையது. ஆதலால் உள்ளே கட்டி வளர்ந்தாலும் நெடுநாள் தெரிவதில்லை. முதலில் சோறும் இட்லியும் தடைப்படும், பின்னர்க் கஞ்சி, அதன்பின் நீரும் இறங்காது. தடை உணரப்படும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். இன்று உள்ளதுபோல் உடலைக் குறுக்குவெட்டாகப் படம்பிடிக்கும் கருவிகள் அன்றில்லை. பேரியக் கரைசலை விழுங்கச் செய்து ஊடுகதிர்ப் படம் எடுத்தும், குழாய்க் கருவியை உள்ளே செலுத்தித் துணுக்குத் திசுவை எடுத்து ஆய்ந்துமே முடிவு சொல்ல வேண்டும். அறுவையும் கதிர்வீச்சுமே அன்று கையில் இருந்த பெரிய படைக்கலங்கள்.

அண்ணாவிடம் வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லும் பழக்கமும் மூக்குப்பொடிப் பழக்கமும் இருந்தன. இரவெல்லாம் விழித்து எழுதுபவர், ஊர் ஊராகப் பயணம் செய்பவர். விழிப்பிற்குத் துணையென அப்பழக்கங்கள் ஒட்டிக்கொண்டன. பெரியோர் வரலாற்றைச் சொல்லும்போது இத்தகைய செய்திகளை மறைப்பதே மரியாதை என்று எண்ணுவோர் உளர். அவ்வாறு மறைப்பது அம்மனிதர்க்கும் நன்மையன்று, படிப்பவர்க்கும் நன்மையன்று. மெல்லும் புகையிலை வாயிலும் உணவுக்குழாயிலும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை. பாக்கும்கூடப் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள் என உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு அறிவித்துள்ளது. பரமத்திவேலூரின் காவிரிக் கரைக் கொடிக்கால்களில் விளையும் வெற்றிலை, மணவீட்டிலும் கோவிலிலும் மங்கலப் பொருள். அந்த இலையின் மடிப்புக்குள் எது வைக்கப்படுகிறது என்பதில்தான் கேடு நுழைகிறது.

நியூயார்க்கில்

1968 செப்டம்பர் 10ஆம் நாள் மருத்துவத்திற்காக அவர் அமெரிக்கா புறப்பட்டார். ஐந்து திங்களுக்கு முன் விருந்தினராகச் சென்ற நாட்டிற்கு இப்போது நோயாளியாகப் பயணம். நியூயார்க்கில் உள்ள மெமோரியல் மருத்துவமனை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே புற்றுநோய்க்கெனத் தோன்றிய பழம்பெரும் நிறுவனம். அங்கு மருத்துவர் மில்லர் அவருக்கு அறுவை மருத்துவம் செய்வதென முடிவாயிற்று. அண்ணாவின் 59ஆம் பிறந்தநாளும் அந்த நாள்களிலேயே வந்தது. தமிழகத்தில் ஊர்தோறும் அவருக்காக மக்கள் வேண்டுதல் செய்துகொண்டிருக்க, அவர் கடல்கடந்த நகரில் மருத்துவர்களின் கண்காணிப்பில் இருந்தார்.

அறுவைக்கு முன்பு நிகழ்ந்ததாக ஒரு செய்தி பெரிதும் வழங்கி வருகிறது. அறுவைக்குக் குறித்த நாளை ஒருநாள் தள்ளிவைக்க இயலுமா என்று அண்ணா மருத்துவரிடம் கேட்டாராம். அச்சமோ, நாள் நட்சத்திரமோ காரணம் என மருத்துவர் கருதியிருக்கக்கூடும். படித்துக்கொண்டிருந்த நூல் இன்னும் முடியவில்லை, அதனை முடித்துவிட்டால் மனம் அமைதியாக இருக்கும் என்பதே அவர் சொன்ன காரணம். மேரி கொரெல்லி எழுதிய புதினம் அது என்பர்.

இந்நிகழ்ச்சியை அண்ணாவின் நூற்காதலுக்குச் சான்றாக மட்டும் சொல்லிச் செல்வது வழக்கம். அதனுள் வேறொன்றும் உண்டு. மருத்துவமனைக்குள் நுழையும் மனிதன் தன் உடைமைகள் பலவற்றை வாயிலிலேயே இழக்கிறான். உடையை மாற்றுகிறார்கள், உணவு வேளையைப் பிறர் குறிக்கிறார்கள், பெயர் மறைந்து படுக்கை எண் முன்னே வருகிறது. உடல் முழுவதும் மருத்துவரின் ஆட்சிக்குச் சென்றுவிடுகிறது. அந்நிலையிலும் தன் ஆட்சியில் ஒரு சிறு நிலத்தைக் காத்துக்கொள்பவன் நோயாளி ஆகிறானே தவிர நோயாகவே ஆகிவிடுவதில்லை. அண்ணா காத்துக்கொண்ட நிலம், முடிக்கப்படாத சில பக்கங்கள். நாளை உயிரோடு எழுவோமா என்பது உறுதியில்லை. கதையின் முடிவு என்ன என்று அறிய வேண்டும் எனும் ஆவல் உறுதியாக இருந்தது.

அவர் நோயின் தன்மையை அறியாமல் மகிழ்ந்திருந்தவர் அல்லர். எதையும் கேட்டு, படித்து, ஆய்ந்து தெளியும் இயல்புடைய ஒருவரிடம் புற்றுநோய் மருத்துவமனையின் பெயர்ப்பலகையே பாதிச் செய்தியைச் சொல்லிவிடும். அறிந்தே அமைதியாக இருந்தார். மனத்துணிவு கட்டியைக் கரைத்துவிடும் என்று சொல்வது பொய்யாகும். அவ்வாறு சொல்லி, குணமடையாத நோயாளியின்மீது துணிவில்லை என்ற பழியையும் சுமத்துவது கொடுமையாகும். துணிவின் பயன் வேறு. அது நோயாளியை உண்ணச் செய்கிறது, வலிமிகுந்த மருத்துவத்திற்கு உடன்படச் செய்கிறது, காவலிருக்கும் உறவினரின் முகத்தைப் பார்த்துப் பேசச் செய்கிறது. எஞ்சிய நாள்களை நோய்க்கு முழுவதுமாகக் கொடுத்துவிடாமல் தனக்கெனப் பிரித்து வைத்துக்கொள்ளச் செய்கிறது.

அறுவை நடந்தது. உடல் தேறும்வரை அங்கேயே தங்கியிருந்து, நவம்பர் 6ஆம் நாள் அண்ணா சென்னை திரும்பினார். பெருங்கூட்டம் வரவேற்றது. உருவத்தில் பாதியாகியிருந்தார். குட்டையான, பருத்த, உடையில் அக்கறையில்லாத அந்தப் பழைய அண்ணாவைத் தேடிய கண்கள் கலங்கின.

மீண்டும் பணி

மருத்துவர்கள் ஓய்வைப் பணித்தனர். அவர் கோப்புகளைக் கேட்டார்.

தமிழ்நாடு எனும் பெயருக்கான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. 1968 திசம்பர் 1ஆம் நாள் சென்னைப் பாலர் அரங்கில் பெயர்மாற்ற விழா. உடல்நிலை இடந்தராது, பேசுவது தீங்கு என்பது மருத்துவர் கருத்து. ஆயினும் அண்ணா சென்றார், பேசினார். தாய்க்குப் பெயர் சூட்டும் விழாவில் மகன் வீட்டில் படுத்திருக்க முடியாது என்பது அவர் நெஞ்சின் கணக்கு. மருத்துவ அறிவுரையை மீறுவது பின்பற்றத்தக்க செயலன்று. அது இவ்வரலாற்றில் உள்ளது, மறைக்க இயலாது. அவர் உடலைப் பேணியிருந்தால் இன்னும் சில திங்கள் இருந்திருப்பாரோ என்று வருந்தியவர் பலர். அந்தச் சில திங்களையும் இத்தகைய நாளுக்காகவே அவர் விரும்பியிருப்பார் என்றும் எண்ண இடமுண்டு.

1969 பொங்கலுக்குத் தாம் நடத்திய 'காஞ்சி' இதழில் தம்பிக்குக் கடிதம் எழுதினார். ஆண்டாண்டுக் காலமாகக் கடித வடிவில் அரசியலும் வரலாறும் பொருளியலும் கற்பித்த அந்தக் கையிலிருந்து வந்த இறுதிக் கடிதம் அது.

சனவரி 14, பொங்கல் திருநாள். தமிழ்நாடு எனும் பெயர் நடைமுறைக்கு வந்த நாளும் அதுவே. அன்று சென்னைத் தியாகராயநகரில் கலைவாணர் என்.எஸ். கிருட்டிணனின் சிலையை அண்ணா திறந்து வைத்தார். கலைவாணர் 1957இல் மறைந்தவர், சிரிக்கச் சிரிக்கச் சிந்திக்க வைத்தவர், அண்ணாவின் உயிர்நண்பர். 1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவை எதிர்த்து நின்றவர் ஒரு மருத்துவர். பரப்புரைக்கு வந்த கலைவாணர் அம்மருத்துவரின் கைராசியையும் நற்குணத்தையும் வாயாரப் புகழ்ந்தாராம். கூட்டம் திகைத்தது. இத்தனை நல்ல மருத்துவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பிவிட்டால் ஊரில் நோயாளிகளை யார் பார்ப்பது, அதனால் அவரை இங்கேயே வைத்துக்கொண்டு அண்ணாவைச் சென்னைக்கு அனுப்பிவிடுங்கள் என்று முடித்தாராம். அத்தகைய நண்பரின் சிலைக்கு முன்னே, தாமே மருத்துவரின் பிடியில் இருக்கும் நிலையில் அண்ணா நின்றார். அவர் கலந்துகொண்ட இறுதிப் பொதுநிகழ்ச்சி அதுவாயிற்று. மெலிந்த கழுத்தும் தளர்ந்த குரலுமாய் நின்றவர், நகைச்சுவைக் கலைஞர் ஒருவரின் நினைவைப் போற்றுவதில் தம் கடைசி மேடையைச் செலவிட்டார்.

அடையாற்றின் கரையில்

நோய் மீண்டும் தலைதூக்கியது. அண்ணா அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

அம்மருத்துவமனைக்குப் பின்னே ஒரு பெண்மணியின் துயரம் உண்டு. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, மருத்துவம் பயின்று, நாட்டின் சட்டமன்றங்களில் முதற்பெண் உறுப்பினர்களுள் ஒருவராக விளங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1923இல் அவர்தம் தங்கை புற்றுநோயால் இறந்தார். மருத்துவரான தமக்கை அருகிருந்தும் காக்க இயலவில்லை. அந்த இயலாமை முப்பது ஆண்டுகள் அவர் நெஞ்சில் கனன்றது. தீராத நோய்க்கு எதற்குத் தனி மருத்துவமனை என்று கேட்டவர்களிடமெல்லாம் மன்றாடி, பொருள் திரட்டி, 1952இல் பிரதமர் நேருவைக் கொண்டு அடிக்கல் நாட்டச் செய்தார். 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் தம் வாழ்நாளையே அதற்கு ஈந்தனர். பொருளற்ற நோயாளிகளை அது திருப்பி அனுப்பவில்லை. ஆசியாவிலேயே முதன்முதலாகக் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி நிறுவப்பட்டதும் அங்கேதான். முத்துலட்சுமி அம்மையார் 1968 சூலை 22இல் மறைந்தார். அவர் எழுப்பிய இல்லத்திற்கு ஆறே திங்களில் மாநிலத்தின் முதலமைச்சர் நோயாளியாக வந்தார். கூலி வேலை செய்வோரும் உழவரும் வந்து படுத்த அதே வளாகம்.

புற்றுநோய் என்ற சொல்லையே வீட்டுக்குள் மெல்லிய குரலில் சொன்ன காலம் அது. தொற்றிக்கொள்ளும் என்று அஞ்சித் தட்டும் குவளையும் தனியே வைத்தோர் உண்டு. முன்வினைப் பயன் என்று ஒதுக்கியோர் உண்டு. பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று மறைத்தோர் உண்டு. நோயாளிக்கே உண்மையைச் சொல்லாத குடும்பங்கள் பல. இந்நிலையில் ஒரு முதலமைச்சரின் புற்றுநோய் நாள்தோறும் செய்தித்தாளில் வெளிவந்தது. தேநீர்க் கடைகளிலும் தறிக்கூடங்களிலும் மக்கள் அதனைப் பற்றி வெளிப்படையாகப் பேசினர். தமக்கு நேர்ந்த துன்பத்தால் அண்ணா எண்ணாமலே செய்த தொண்டு இது எனலாம்.

மருத்துவமனையின் வெளியே இரவும் பகலும் மக்கள் காத்திருந்தனர். நியூயார்க்கிலிருந்து மருத்துவர் மில்லரும் வந்தார். இங்கிருந்த மருத்துவர்கள் அறிந்த அனைத்தையும் செய்தனர். அச்சனவரியில்தான் லிஸ்பனின் சிறைக்கதவு மோகன் ரானடேக்குத் திறந்தது. தம் வேண்டுகோள் ஒன்று பலித்த செய்தியை நின்று கொண்டாடும் நிலையில் அண்ணா இல்லை. நன்றி சொல்ல அண்ணாவை உயிருடன் காணும் பேறு ரானடேக்கும் வாய்க்கவில்லை.

1969 பிப்ரவரி 3ஆம் நாள், நள்ளிரவு கடந்த சிறுபொழுதில் அண்ணாவின் உயிர் பிரிந்தது. அறுபதை எட்டாத வாழ்வு. இலட்சக்கணக்கில் மக்கள் சென்னைக்கு விரைந்தனர். தொடர்வண்டிகளின் கூரைமீது ஏறி வந்தவர்களில் சிலர் கொள்ளிடப் பாலத்தில் மோதி உயிரிழந்த கொடுமையும் நிகழ்ந்தது. மெரினா கடற்கரையில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. இரண்டாண்டுக்குச் சற்றுக் குறைவாகவே ஆட்சி செய்தவர் அவர். காஞ்சிபுரத்து வீட்டைத் தவிரச் சொத்தென்று சொல்லப் பெரிதாக எதுவும் விட்டுச் செல்லவில்லை.

அதன் பின்னர்

அவர் மறைந்த ஆண்டிலேயே காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அவர் பெயரால் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. வடமாவட்டங்களின் எளிய நோயாளிகள் இன்றும் அதனை நாடுகின்றனர். நாமக்கல்லிலும் ஆத்தூரிலும் அரசு கலைக் கல்லூரிகள் அறிஞர் அண்ணாவின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

கஞ்சமலை இன்னும் சிறிது காத்திருந்தது. 1970 செப்டம்பர் 16ஆம் நாள், அண்ணா பிறந்தநாளுக்கு மறுநாள், பிரதமர் இந்திரா காந்தி சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார். ஆலை இயங்கத் தொடங்கியது 1981இல். அவர்கள் கேட்டது கஞ்சமலைக் கனியை உருக்கும் ஆலை. வந்தது வேறிடத்து எஃகைத் தகடாக்கும் ஆலை. மலையின் கனி பெரும்பாலும் மலையிலேயே இருக்கிறது. ஆயினும் சேலம் என்று பொறித்த துருவேறா எஃகுத் தகடு பல நாடுகளுக்குச் சென்றது. வேலைக்குப் புறப்பட்ட இளைஞர்களின் மிதிவண்டிகள் விடியற்காலையில் அந்த மலையடிவாரத்தை நோக்கி வரிசையாகச் செல்லத் தொடங்கின.